தேள் விஷம் என் மகளின் மூளையில் தங்கிவிட்டதா?

ஒரு தந்தை நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருடைய ஆறு வயது மகளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் இரவில், படுக்கையிலேயே, சிவப்புத் தேள் கொட்டியிருக்கிறது. பாதத்தில்தான் கொட்டியது. வீட்டில் கயிறு கட்டி, மருந்து பூசிப் பார்த்துவிட்டு மருத்துவமனை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, கை கால் ஐஸ் போலச் சில்லிட்டுவிட்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, அதை வலிப்பு என்கிறார் தந்தை, ஆனாலும் குழந்தை “அம்மா, அம்மா” என்று அழுதுகொண்டே இருந்தாள். ஐசியூவில் இரண்டு நாள். எக்கோ எடுத்து, இதயத் துடிப்பின் வலு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லி, ஒரு இரத்த அழுத்த மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். விஷமுறிவு ஊசி போடவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது குழந்தை இரவில் அலறி எழுகிறாள். நிறுத்தியிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. வகுப்பில் சில நேரம் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாக ஆசிரியை சொல்கிறார். தந்தை இணையத்தில் தேடியிருக்கிறார். தேள் நச்சு மூளையில் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கொட்டவைத்து, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் செல்களைக் கொல்கிறது, எலிகளுக்கு வலிப்பு வருகிறது என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. அவர் கேட்பவை: விஷம் மூளையில் தங்கிவிட்டதா? மூளைக்கு மருந்து கொடுக்காமல் பி.பி. மாத்திரை கொடுத்தது தவறா? எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா? வலிப்பு மாத்திரையை முன்னெச்சரிக்கையாகத் தொடங்கலாமா? மீதி விஷத்தை இறக்க ஒருவர் சொல்லும் பேதி மருந்தைக் கொடுக்கலாமா? தாமதத்துக்கு யார் காரணம் என்று வீட்டில் தினமும் சண்டை வேறு.

வணக்கம். முதலில் சுருக்கமான பதில்: விஷம் உங்கள் மகளின் மூளையில் இப்போது இல்லை. ஐந்து மாதம் என்ன, கொட்டிய ஓரிரண்டு நாளிலேயே அதன் பெரும்பகுதி உடைபட்டும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறியிருக்கும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றை மட்டும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அது எது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்த எலி ஆய்வைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நீங்கள் படித்தது பொய்யில்லை, அதனால்தான் “கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது.

அந்த எலி ஆய்வில் என்ன நடந்தது

தேள் விஷம் ஒரே பொருள் கிடையாது. பல சிறு புரதங்களின் கலவை. அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. சுமார் 60 முதல் 70 அமினோ அமிலம் நீளமுள்ளவை நரம்புச் செல்லின் சுவரில் சோடியத்தை உள்ளே விடும் கதவுகளை, அதாவது சோடியம் வாயில்களைத் தாக்குகின்றன. அதைவிடக் குட்டையானவை, 30, 40 அமினோ அமிலம் உள்ளவை, பொட்டாசியம் வாயில்களை அடைக்கின்றன.

நரம்பில் ஒரு செய்தி ஓடுவது என்றால், சோடியம் வாயில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அளவுக்குத் திறந்து, உடனே தானாக மூடிக்கொள்வது. பிறகு பொட்டாசியம் வாயில் திறந்து நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆல்ஃபா வகைத் தேள் நச்சு அந்த மூடும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. பீட்டா வகை இன்னொரு இடத்தில் ஒட்டி, திறக்கத் தேவையில்லாத நேரத்திலேயே வாயிலைத் திறக்க வைக்கிறது. பொட்டாசியம் வாயிலையும் அடைத்துவிட்டால் நரம்பு ஓய்வுநிலைக்குத் திரும்பவே தடுமாறும். விளைவு, ஒரு சமிக்ஞை போகவேண்டிய இடத்தில் சரமாரியாகப் பல போகும். நரம்பின் நுனியில் இந்த மின்னெழுச்சி நீடிப்பதால் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, நுனியில் குமிழ் குமிழாகச் சேமித்து வைத்திருக்கும் நரம்பியக்கடத்திகள், அதாவது அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்கள், வெளியே கொட்டுகின்றன. அந்த நரம்பு எந்தக் கடத்தியை வைத்திருக்கிறதோ அது கொட்டும்: அசிட்டைல்கோலின், நார் அட்ரினலின், டோபமின், குளூட்டமேட், காபா. நச்சுக்கு எந்தக் கடத்தி என்பதில் அக்கறை இல்லை.

இதை ஆய்வகத்தில் தெளிவாகக் காட்டியவர்களில் பிரேசில் ஆய்வாளர்கள் முன்னோடிகள். அங்குள்ள மஞ்சள் தேளான டிட்டியஸ் செருலேட்டஸின் நச்சு, டிட்டியஸ்டாக்சின், எலி மூளையின் மெல்லிய துண்டுகளிலிருந்து அசிட்டைல்கோலினை வெளியேற்றுகிறது என்று 1973-லேயே எழுதினார்கள். பஃபர் மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சேர்த்தால் அந்த வெளியேற்றம் நின்றுவிடும், ஏனென்றால் அது சோடியம் வாயிலை அடைத்துவிடுகிறது. அப்படித்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் சோடியம் வாயில் என்பது உறுதியானது. பிற்பாடு இதே நச்சை எலியின் ஹிப்போகேம்பஸுக்குள் செலுத்தியபோது வலிப்பும் செல் இழப்பும் வந்தன. நீங்கள் படித்தது அந்த வரிசையில் வந்த ஓர் ஆய்வாக இருக்கும்.

இப்போது அந்த ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்ப எடுத்து, நச்சை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மண்டையோட்டில் துளையிட்டு, ஊசிமுனையை ஹிப்போகேம்பஸிலேயே வைத்து, சுத்திகரித்த நச்சை நேராகச் செலுத்துகிறார்கள். உங்கள் மகளுக்குக் கொட்டியது பாதத்தில். பாதத்திலிருந்து இரத்தத்துக்கு வந்த நச்சு மூளைக்குள் போகவேண்டுமென்றால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்டவேண்டும். அந்தச் சுவரின் செல்கள் இடைவெளியில்லாமல் பின்னியவை, இந்த அளவுள்ள புரதங்களை எளிதில் விடாதவை. இதற்கு விலங்குச் சோதனையிலேயே ஆதாரம் இருக்கிறது: சில தேள் நச்சுகளை மூளைக்குள் நேராகச் செலுத்தினால் எலியைக் கொல்ல, தோலுக்கடியில் செலுத்தும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை. வெளியே போட்ட விஷம் தாராளமாக உள்ளே போய்வருமானால் இந்த வித்தியாசம் இருக்காதே.

முழுக்க முழுக்கப் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. இளம் எலிகளின் மூளைக்கு வளர்ந்தவற்றைவிட அதிக நச்சு போய்ச் சேருவதைப் பார்த்திருக்கிறார்கள், கடுமையான விஷத்தாக்கத்தில் எழும் அழற்சி அந்தச் சுவரைத் தளர்த்தலாம் என்ற வாதமும் இருக்கிறது, மூளைத்தண்டு நேரடியாகப் பாதிக்கப்படுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சுவர் நன்றாகவே உருவாகியிருக்கும். துளிக்கூடப் போயிருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், எலிக்கு ஊசியில் போன அளவோடு ஒப்பிடக்கூடிய அளவு போயிருக்காது என்று தைரியமாகச் சொல்வேன்.

போனாலும் தங்காது என்பது அடுத்த விஷயம். ஆல்ஃபா நச்சு வாயிலோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை, நரம்பு பலமாகக் கிளர்ச்சியடையும்போது கழன்றும் போகிறது. நச்சு விலகினால் வாயில் பழையபடி மூடும், காலியான குமிழ்கள் மீண்டும் நிரம்பும். போட்டுலினம் நச்சு இதற்கு நேர் எதிர். அது குமிழ் வெளியேறத் தேவையான புரதத்தையே வெட்டிவிடுகிறது, ஆகவே அதன் விளைவு மாதக்கணக்கில் நிற்கும். இந்த ஆல்ஃபா நச்சு அப்படி எதையும் வெட்டுவதில்லை. மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலான குழந்தைகள் ஓரிரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த பி.பி. மாத்திரை ஏன்

உங்கள் கோபத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கடத்திகள் கொட்டும் அந்த வேலை பெருமளவில் நடப்பது மூளைக்கு வெளியே, இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குடலுக்கும் போகும் தன்னியக்க நரம்புகளில். அங்கே தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. முதலில் அசிட்டைல்கோலின் கொட்டியதால் வாந்தி, எச்சில், வியர்வை. அப்புறம் நரம்பு நுனிகளும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து நார் அட்ரினலினையும் அட்ரினலினையும் இரத்தத்தில் வெள்ளமாக விட்டதால் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கை கால் சில்லிட்டது. சுருங்கிய குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்தது. எக்கோவில் பார்த்தது அதைத்தான். இந்த நிலையில் நுரையீரலில் நீர் கோத்துக் குழந்தைகள் இறந்துபோவதுதான் சிவப்புத் தேளின் உண்மையான ஆபத்து.

கொடுத்த மாத்திரை, நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், பிரசோசினாகத்தான் இருக்கவேண்டும். நார் அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களில் ஒன்றை அது அடைக்கிறது, குழாய்கள் தளர்கின்றன, கை கால் சூடாகிறது. மகாராஷ்டிராவின் மஹாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் இந்தச் சிகிச்சையை எடுத்துக்காட்டியதற்கு முன் சிவப்புத் தேள் கொட்டி இதயம் பாதிக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் காப்பாற்ற முடியாமல் போனார்கள். ஆக, உங்கள் மகளுக்குக் கொடுத்தது எதற்கோ எழுதிய மாத்திரை இல்லை, இந்த விஷத்துக்கென்றே பெயர் பெற்ற மருந்து.

விஷமுறிவு ஊசி போடாதது குற்றமா? அது இரத்தத்தில் சுற்றும் நச்சைப் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே கொட்டிவிட்ட அட்ரினலினைத் திருப்பி எடுக்காது. 2011-ல் பாவஸ்கர் தம்பதியர் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளிகள். பிரசோசினோடு விஷமுறிவும் பெற்றவர்கள் சராசரியாக 10 மணி நேரத்தில் தேறினார்கள், பிரசோசின் மட்டும் பெற்றவர்கள் சுமார் 18 மணி நேரத்தில். இரண்டும் சேர்ந்தால் நல்லது, கிடைத்தால் போடலாம் என்பது என் கருத்து. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் பிரசோசினை ஒழுங்காகக் கொடுத்துக் கண்காணித்ததை நான் அலட்சியம் என்று சொல்லமாட்டேன். வழக்கு, புகார் என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, வாங்குங்கள், ஆனால் புகாருக்காக வேண்டாம். அடுத்த மருத்துவருக்கு அது தேவைப்படும்.

அந்தப் பதிவில் பார்க்கவேண்டியவை சில. ஆக்சிஜன் அளவு எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரம்? இரத்த அழுத்தம் எந்த உச்சத்துக்குப் போனது? நினைவு தப்பியதா? வலிப்பு என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இவற்றைக் கேட்கக் காரணம் இருக்கிறது. தேள் கொட்டியவர்களுக்கு மூளை பாதிக்கப்படுவது அரிது, நடக்கும்போது அது பெரும்பாலும் சுற்றுவழியில் நடக்கிறது: அழுத்தம் ஏறி இரத்தக் கசிவு, இரத்தம் உறைந்து அடைப்பு, ஆக்சிஜன் போதாமை. அப்படி ஒன்று நடந்திருந்தால் அன்றே கை கால் விழுந்திருக்கும், மயக்கம் தெளிந்திருக்காது, பேச்சு குழறியிருக்கும். மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்த குழந்தைக்கு, மாதங்கள் கழித்து விஷம் திரும்பக் கிளம்பி மூளையைத் தாக்குவது என்று ஒன்று கிடையாது.

உடம்பு தூக்கிப் போட்டதை வலிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வரியில், அவள் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடம்பு முழுதும் வெட்டும் வலிப்பில் குழந்தையால் கூப்பிட முடியாது. தசைக்குப் போகும் நரம்புகளின் சோடியம் வாயில்கள் மூடாததால் தசைகள் தாமாகத் துள்ளுவது தேள்கடியில் உண்டு, அப்போது நினைவு தெளிவாகவே இருக்கும். கடிதத்தை வைத்து நூறு சதவீதம் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது பார்க்கவேண்டியது

மேலே சொன்ன அந்த ஓர் அறிகுறி, வகுப்பில் வெறித்துப் பார்ப்பது. விஷத்தால் என்பதற்காகச் சொல்லவில்லை. நான்கிலிருந்து பத்து வயதுக்குள் சில குழந்தைகளுக்கு, எந்தத் தேளும் கொட்டாமலேயே, அப்சன்ஸ் என்ற சிறு வலிப்பு தொடங்குகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று, சில வினாடிகள், அதிகம் போனால் இருபது வினாடிபோல வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தோளைத் தொட்டாலும் பதில் இருக்காது. ஒரு நாளில் பலமுறை வரும். தூக்கம் கெட்ட குழந்தை பகலில் சொக்கி உட்காருவது வேறு: தொட்டால் திரும்பிப் பார்ப்பாள், சலித்துப்போன பாடத்தில் அதிகம் இருக்கும், விளையாட்டில் இருக்காது. ஆசிரியையிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லி, அடுத்த முறை மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நடந்தால் போனில் வீடியோ எடுங்கள். அதோடு குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவர் குழந்தையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச்சொல்லியே பாதி கண்டுபிடித்துவிடுவார், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. மீதியைச் சொல்லும்.

எம்.ஆர்.ஐ.யை நான் முதலில் எடுக்கமாட்டேன். இந்த வயதுக் குழந்தை அசையாமல் படுக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும், பரிசோதனையில் கை கால் வேலை, நடை, கண் எல்லாம் சரியாக இருந்தால் அதில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. இ.இ.ஜி.யோ பரிசோதனையோ ஏதாவது காட்டினால் அப்போது எடுக்கலாம். வலிப்பு மாத்திரையை முன்னெச்சரிக்கையாகத் தொடங்குவது வேண்டவே வேண்டாம். வலிப்பு இல்லாத குழந்தைக்கு அதனால் கிடைப்பது தூக்கக் கலக்கமும் எரிச்சலும்தான், அப்புறம் அதையும் விஷத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

படுக்கை நனைவதற்கு எளிய காரணங்களை முதலில் விலக்குங்கள்: ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, மலச்சிக்கல் இருக்கிறதா என்ற கேள்வி. நனைந்த நாளின் காலையில் நாக்கில் கடிபட்ட காயமோ அசாதாரண உடம்புவலியோ இருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், இரவு வலிப்பைப் பற்றி யோசிக்கவேண்டி வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், எனக்கு முதலிலிருந்தே தோன்றுவது இதுதான்: அவள் பயந்துபோயிருக்கிறாள். தூங்கும்போது, தன் படுக்கையிலேயே, தாங்கமுடியாத வலியில் விழித்து, பிறகு ஊசிகளுக்கும் அலாரச் சத்தங்களுக்கும் நடுவே இரண்டு நாள் கிடந்த குழந்தை இரவைக் கண்டு அலறுவதற்கு ஹிப்போகேம்பஸில் செல் சாகவேண்டியதில்லை. தினமும் அதே சம்பவத்தை வைத்து நீங்கள் இருவரும் சண்டை போடுவது அவள் காதில் விழுகிறது, தன்னால்தான் என்று அந்த வயதில் நினைப்பார்கள். தாமதம் நடந்தது நடந்ததுதான். கயிறு கட்டுவதால் தேள்கடியில் பயனில்லை, மறுமுறை கட்டாமல் நேராகப் போங்கள், அவ்வளவுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது. குழந்தைகளின் அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் மனநல ஆலோசகர் சில வாரங்களில் நல்ல மாற்றம் கொண்டுவர முடியும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தேள்கள் புற ஊதா ஒளியில் பச்சை கலந்த நீலத்தில் பளிச்சென்று ஒளிரும். ஒரு புற ஊதா டார்ச்சை வாங்கி, படுக்கும் முன் அவளே உங்களோடு சேர்ந்து கட்டிலடி, போர்வை, செருப்பு எல்லாவற்றையும் பார்க்கட்டும். கண்ணில் அடிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். புதிதாகத் தோலுரித்த தேள் அவ்வளவாக ஒளிராது, ஆகவே போர்வையை உதறுவதையும் விடவேண்டாம். ஒருமுறை பார்த்தால் போதும், நாலைந்து முறை பார்க்க ஆரம்பித்தால் அதுவே பயத்தை வளர்க்கும்.

பேதி மருந்துக்கு வருகிறேன். கொடுக்காதீர்கள். இறக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. விஷம் இருந்த நாட்களில்கூட அது குடலில் இருந்ததில்லை, இரத்தத்திலும் நரம்பு நுனிகளிலும் இருந்தது. பேதியால் உடம்பு நீர் வற்றினால் ஆபத்து, அதிலும் ஐந்து மாதத்துக்கு முன் இதயம் களைத்துப்போன குழந்தைக்கு. கலவையில் என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடிகளில் ஈயமும் பாதரசமும் இருப்பது ஒன்றும் புதிதல்ல, அவைதான் உண்மையிலேயே குழந்தையின் மூளையில் தங்கும்.

கடைசியாக ஒன்று. மூளையைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இதயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அன்று எக்கோவில் வலு குறைந்திருந்தது என்றால், அது திரும்பியதா என்று யாராவது பார்த்தார்களா? பெரும்பாலும் சில நாள், சில வாரங்களில் முழுதாகத் திரும்பிவிடும். ஆனாலும் திரும்பியதை எழுத்தில் பார்ப்பது நல்லது. குழந்தை இதய மருத்துவரிடம் ஒரு எக்கோ, ஒரு இ.சி.ஜி. எடுங்கள், பழைய அறிக்கையையும் கையில் கொண்டுபோங்கள். ஓடும்போது சட்டென்று களைப்பு, படுத்தால் மூச்சிரைப்பு, கால் வீக்கம் இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். எந்த வலிப்பாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அதுவும் அப்படித்தான், நேராக அவசரப் பிரிவுக்கு.